கன்னத்துக்குள் உப்பு

லட்லோ தெருவில் ஹின்தா வருகிறாள் என்றால் குழந்தைகள் வாயை இறுக மூடிக்கொள்ளும். ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று வெள்ளரிக்காய் கடிக்கும் பயல்கூட, கடித்ததை மெல்லாமல் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, அவள் தாண்டிப் போகும்வரை மூக்கால் மூச்சு விடுவான். அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பள்ளிக்கூடத்துப் பாடம் ஏறாத பிள்ளைகளுக்கும் இது ஏறிவிட்டது.

இதே தெருதான் ஒரு காலத்தில் அவள் கை பட்டால் போதும் என்று அவள் வாசலில் நின்றது. சொன்னால் இப்போது யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் யூத ஜனங்களுக்கு மறதி பெரிய சொத்து. கப்பல் ஏறும்போது தலையணை மூட்டையோடு அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் நியூயார்க்குக்கு வந்தார்கள்.

ஹின்தா ருஷ்யாவில் வொலின் பக்கத்துச் சின்ன ஊர்க்காரி. கணவன் ஸாலிக் கோட்டுப் பட்டறையில் இஸ்திரி போடுகிறவன். நாள் முழுக்க நீராவியில் வெந்து, பேசுவதைவிட அதிகம் இருமுகிறவன். பிள்ளைகள் ஐந்து. ஐந்தும் உயிரோடு இருந்தன. எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி புதிதாகப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள்: பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை. ஹின்தாவிடம் மட்டும் ஒரு கேள்வி போதும். அவள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் இருபது குடித்தனம். அப்படிப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

அதனால் அவளிடம் பிள்ளைகளை விற்றார்கள். குழந்தை பிழைக்காது என்று தோன்றினால், ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காதவளிடம் அதை விற்றுவிடுவது எங்கள் வழக்கம். சாவின் தூதன் இன்னாரின் மகன் என்று பெயர் விசாரித்துக்கொண்டுதான் வருவான். வந்து பார்த்தால் இன்னாருக்கு மகனே கிடையாது, விற்றாயிற்று. வந்த வழியே திரும்பிப் போவான். இரண்டு பேர் சாட்சி நிற்க, பெற்றவள் உள்ளங்கையில் ஹின்தா மூன்று செண்ட் வைத்தால் வியாபாரம் முடிந்தது. குழந்தை பெற்றவள் வீட்டில்தான் வளரும். ஆனாலும் பெயருக்கு அது ஹின்தாவின் பிள்ளை. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு அவள் கையால் பின்னல் ரொட்டி, பஸ்காவுக்கு ஒரு சட்டை. அப்படி அவள் வாங்கியவை பதினொன்று. ஒன்பது பிழைத்தன. பிழைக்காத இரண்டுக்கும் தாய்மார்கள் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள், நேரத்தோடு வரவில்லையே என்று.

அந்த ஒன்பதில் ஒருவன் லேபல். நான்காம் மாடியில் எதிர்வாசல் கித்தலின் மகன். அவனுக்கு முன்னால் இரண்டைப் புதைத்தவள் கித்தல். லேபலுக்கு இரண்டு வயதில் தொண்டை அடைத்துக்கொண்டபோது, தைத்துக்கொண்டிருந்த ஊசி விரலில் குத்தி, ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிவந்தாள்.

"ஹின்தாக்கா, இவனை வாங்கிக்கோங்க. எனக்கு வேணாம். இவன் எனக்குப் பொறக்கவே இல்ல."

வாங்கிக்கொண்டாள். பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கித்தல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஹின்தாவோட புள்ள, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுவாள்.

ஸாலிக்கின் இருமல் அதிகமானதும் ஹின்தா தர்ம வைத்தியசாலையில் தரை துடைக்கப் போனாள். ஒரு மாதத்தில் துடைப்பத்தை வாங்கிவைத்துவிட்டுக் குழந்தைகளைப் பிடிக்கச் சொன்னார்கள். அடம்பிடிக்கும் குழந்தையின் தலையைத் தன் மார்பில் சாய்த்து, ஒரு கையால் அதன் இரண்டு கையையும் அமுக்கி, மறு கையால் நெற்றியைப் பிடித்தால் எந்த முரடனும் அடங்கிவிடுவான். ஐந்து வளர்த்த கை.

அங்கே இருந்த டாக்டர் இளவயசுக்காரர். எங்கள் ஆள்தான், ஆனால் ஜெர்மன் படித்துவிட்டு எங்கள் பேச்சைக் கேட்டால் உதட்டைச் சுழிக்கிறவர். ஒருநாள் சளி ஒழுகும் பையன் ஒருவனை ஜன்னலோரம் கொண்டுவரச் சொன்னார். மரக்குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உட்புறத்தைக் காட்டினார்.

"என்னம்மா தெரியுது?"

"செவந்திருக்கு. அதுமேல பொடி உப்புத் தூவின மாதிரி இருக்கு."

"பாலா இருக்கும். தொடச்சுப் பாருங்க."

அவள் துணியை விரலில் சுற்றித் துடைத்தாள். பாலாக இருந்தால் வந்திருக்கும். இது வரவில்லை.

"இன்னும் ரெண்டு நாள்ல இவனுக்கு ஒடம்பெல்லாம் தட்டம்மை பூக்கும்" என்றார் டாக்டர். "இன்னிக்கு அவங்கம்மாவைக் கேட்டா வெறும் சளிதான்னு சொல்லுவா. இந்த ரெண்டு நாள்ல வீட்ல இருக்கிற அத்தனை பேருக்கும் குடுத்துருவான். பெரிசுங்க தாங்கும். கைக்குழந்தைதான் தாங்காது."

விளக்கு வெளிச்சத்தில் அது தெரியாது, பகல் வெளிச்சம் வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் உள்ளறைகளுக்கு ஜன்னலே கிடையாது. அத்தனை வருஷமாக யாரும் அதைப் பார்க்காததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் உடம்பெல்லாம் சிவந்து வந்து நின்றபோது ஹின்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து பிள்ளையும் பிழைத்தது அதிர்ஷ்டம், யாரோ கொடுத்தது. இது அவளே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. பிறகு டாக்டருக்குப் படிக்க வந்த மாணவப் பயல்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடும்போது, அவள் குழந்தையைப் பிடித்தபடியே "இருக்கு" என்றோ "இல்ல" என்றோ சொல்லிவிடுவாள். டாக்டர் சிரிப்பார்.

தெரிந்ததை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. இரண்டாம் மாடி மீன்காரி மல்காவின் மகன் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு, கண் சிவந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தெருவாசலுக்குக் கூட்டிப் போய் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மல்காவிடம் போனாள்.

"மல்கா, இவனுக்கு வியாழக்கிழமைக்குள்ள தட்டம்மை வந்துரும். சின்னதை இவன்கிட்ட விடாத. உன் தங்கச்சி வீட்டுல கொண்டு விடு."

மல்கா மீன் செதிலோடு கையை உதறிவிட்டு மூன்று தரம் துப்பினாள். "அடி பாவி, வராத நோவை ஏன்டி பேர் சொல்லிக் கூப்பிடற? சாத்தானுக்கு வாய் தெறக்காதன்னு உங்கம்மா உனக்குச் சொல்லித் தரலையா?"

எங்கள் அம்மாக்கள் எல்லாரும் சொல்லித் தந்ததுதான். வரக்கூடாததை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் சாத்தான் அதையே பிடித்துக்கொள்வான். வியாழக்கிழமை காலையில் மல்காவின் மகன் முகமெல்லாம் சிவந்து எழுந்தான். மல்கா படிக்கட்டில் நின்று ஐந்து மாடிக்கும் கேட்கக் கத்தினாள்.

"வாயை வெச்சா, வந்துருச்சு. கேட்டுக்கோங்கடி. கரிநாக்குக்காரி."

ஹின்தா நியாயம் பேசிப் பார்த்தாள். "நான் சொன்னதால வரல. வரப் போறதால சொன்னேன்." இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிக்கட்டில் நின்ற ஒருத்திக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று யாரும் ஆசைப்படவும் இல்லை. அந்தக் குளிர்காலத்துக்குள் ஏழு தரம் சொன்னாள். ஏழும் பலித்தது. ஒரு தரமாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார்கள். தட்டம்மைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தால், நோயை விட்டுவிட்டு நோயைச் சொன்னவள்மேல் பாய்வது சுலபம். அவள் மாடிப்படியில் அகப்படுவாள், நோய் அகப்படாது.

விற்ற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக வந்து திருப்பி வாங்கினார்கள். வாசற்படியிலேயே நின்று, முகத்தைப் பார்க்காமல், அதே மூன்று செண்டை நீட்டினார்கள். ஒருத்தி பஸ்காவுக்குக் கொடுத்த சட்டையையும் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

ஸாலிக் இருமலுக்கு நடுவில் சொன்னான்: "தரையத் தொடைக்கப் போனவ தொடச்சிட்டு வர வேண்டியதுதானே. ஊரான் புள்ள வாய்க்குள்ள உனக்கென்னடி வேலை?"

கித்தல் மட்டும் வரவில்லை. அவளுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. பெரல் என்று பெயர். ஹின்தா சூப் எடுத்துக்கொண்டு போனபோது கித்தல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லேபலைத் திருப்பி வாங்கிக்கோன்னு எல்லாரும் பிச்சுப் புடுங்கறாங்க அக்கா. நான் மாட்டேன்னுட்டேன். அவன் உங்களால இருக்கான். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"எம் புள்ளைங்க வாய்க்குள்ள பாக்காதீங்க. பாத்தாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஹின்தா. அந்தத் தெருவில் அவளை அக்கா என்று கூப்பிட அந்த ஒருத்திதான் மிச்சம்.

பெரலுக்கு ஒன்பது மாதம் ஆனது. மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஹின்தா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது லேபல் ரொட்டிக்கு வந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். அவள் கொடுத்த துண்டைக் கடிக்க வாயை அகலமாகத் திறந்தான். வெயில் நேரே அவன் முகத்தில் அடித்தது.

வாக்குக் கொடுத்துவிட்டால் கண் மூடிக்கொள்ளுமா? பார்த்துவிட்டாள். பார்த்ததை நம்பாமல், ரொட்டித் துணுக்காக இருக்கும் என்று தலைத்துணியின் ஓரத்தை விரலில் சுற்றி அவன் கன்னத்துக்குள் துடைத்தாள். உப்பு அங்கேயே இருந்தது.

"என்னம்மா?" என்றான் லேபல். வாங்கியவளைத்தான் அவன் அம்மா என்பான்.

"ஒண்ணுமில்லடா. சாப்பிடு."

துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள். கித்தல் மடியில் ஒரு கோட்டைப் போட்டு உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த லேபல் கித்தலின் காலை ஒதுக்கிவிட்டுத் தொட்டிலைத் தான் ஆட்டத் தொடங்கினான்.

"கித்தல், இவனை நாலஞ்சு நாள் எங்க வீட்ல படுக்க வெச்சுக்கறேன். எம் புள்ளதானே."

கித்தலின் ஊசி நின்றது. "எதுக்கு அக்கா?"

"சும்மாதான். பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கித்தல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏதாவது பாத்தீங்களா?"

ஒரு வார்த்தை போதும். டாக்டராக இருந்தால் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்; டாக்டர்மேல் யாரும் துப்ப மாட்டார்கள். ஹின்தாவுக்கு மல்காவின் செதில் ஒட்டிய கை நினைவுக்கு வந்தது. துவைத்து மடித்து வந்த சட்டை நினைவுக்கு வந்தது. இவளும் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் தனக்கு யார் என்று நினைத்தாள். வெட்கக்கேடுதான். ஆனால் அதைத்தான் நினைத்தாள்.

"ஒண்ணும் பாக்கலடி."

கித்தல் மூச்சு விட்டாள். "அப்பாடா. அப்ப இங்கயே இருக்கட்டும் அக்கா. இவன் ஆட்டலைன்னா அது தூங்காது. எனக்கு இன்னும் பன்னெண்டு கோட்டு இருக்கு."

லேபல் தொட்டிலுக்குள் குனிந்து இருமினான். பெரல் அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். ஹின்தா நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை லேபலுக்கு உடம்பெல்லாம் பூத்தது. கித்தல் அழவில்லை. அவளுக்குச் சந்தோஷம்கூட. படிக்கட்டில் இறங்கிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னாள்.

"ஹின்தாக்கா ஒரு வார்த்தை சொல்லல. நான் வாயைவிட்டே கேட்டேன், ஒண்ணுமில்லன்னாங்க. ஆனா வந்துருச்சு பாத்தீங்களா? அவங்க நாக்குல ஒண்ணும் இல்லடி. இனிமே எவளாவது கரிநாக்குன்னு சொன்னா பாருங்க."

பத்து நாள் ஹின்தா மறுபடி மனுஷியாக இருந்தாள். மல்கா ஒரு மீன் தலையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "நானும் அன்னிக்கு ஆத்திரத்துல பேசிட்டேன்" என்றாள். ஹின்தா அதை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சமைத்தாள். அவளால் சாப்பிட முடியவில்லை, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் எதிர்வாசலில் குழந்தை இருமுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் இருமியது. சிவந்தது, பிறகு நெஞ்சுக்கு இறங்கியது. டாக்டர் நான்கு மாடி ஏறி வந்து, முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். மறுநாள் கித்தல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வாசலுக்கு வந்தாள். பின்னால் சாட்சிக்கு மல்கா; உள்ளே இருந்த ஸாலிக் இரண்டாம் சாட்சி.

"இதையும் வாங்கிக்கோங்க அக்கா. அவனைக் காப்பாத்தினீங்க இல்ல."

ஹின்தா எழுந்திருக்கவில்லை. "வேணாண்டி. எங்கிட்டக் குடுக்காத."

"ஏன் வேணாம்? ஐஞ்சும் உசுரோட இருக்கிறவ நீங்க ஒருத்திதானே."

மடிப்பையில் மூன்று செண்ட் தேடினாள். ஒன்று கை தவறிக் கீழே விழுந்து உருண்டது. மல்கா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் பெரல் இறந்துபோனாள். சாவின் தூதன் இந்தத் தடவை சரியான வாசலுக்கே வந்திருந்தான்.

வைத்தியசாலையில் ஹின்தா டாக்டரிடம் கேட்டாள்: "அந்த வெள்ளிக்கிழமையே ரெண்டையும் பிரிச்சிருந்தா?"

"சொல்ல முடியாதும்மா. அதுக்கு முன்னாலயே ஒட்டியிருக்கலாம். ஒட்டாமலும் இருந்திருக்கலாம்."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஹின்தா பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

துக்கம் காக்கிற ஏழு நாளும் கித்தல் கவிழ்த்துப் போட்ட ஒரு சோப்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் ஹின்தா அவித்த முட்டை கொண்டுபோனாள். வேறு யாரும் இல்லை. கித்தல் முட்டையைத் தொடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குப் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"எங்க?"

"மொட்டைமாடியில. வெயில்ல. ரொட்டி கடிச்சான்."

"நான் கேட்டனே அக்கா. பாத்தீங்களான்னு வாயைவிட்டுக் கேட்டனே."

"சொல்லாதன்னு நீதானே வாக்கு வாங்கினே" என்று வாய் வரை வந்தது. ஹின்தா அதை விழுங்கினாள். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. "சொன்னா நீயும் துப்பிருவேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

கித்தல் முட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"துப்பியிருப்பேன்" என்றாள். "துப்பிட்டு, புள்ளைய உங்க கூட அனுப்பியிருப்பேன்."

துக்கம் முடிந்த மறுநாள் கித்தல் மூன்று செண்ட் கொண்டுவந்து லேபலைத் திருப்பி வாங்கினாள். ஹின்தா பார்த்தும் மறைத்ததைத் தெருவுக்கும் சொன்னாள். தெரு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது: ஹின்தா வாயைத் திறந்தால் நோய் வரும், மூடினால் சாவு வரும். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டாதே என்று கேட்க ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து ஹின்தா வாயை மூடவே இல்லை. ஒழுகும் மூக்கும் சிவந்த கண்ணுமாக ஒரு குழந்தை எதிர்ப்பட்டால், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுகிறாள். இருந்தால் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் நின்று உரக்கச் சொல்லுகிறாள்: "உம் புள்ளைக்குத் தட்டம்மை. கைக்குழந்தையை இன்னிக்கே அப்புறப்படுத்து." அவர்கள் துப்புகிறார்கள். சாபம் விடுகிறார்கள். ஒருத்தி அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். ஆனால் துப்பின கையோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ ஓடுகிறார்கள், அவள் நாக்குக்கு எட்டாத இடத்துக்கு. அவள் கண்ணை அவர்கள் நம்பியதே இல்லை. நாக்குக்குப் பயப்படுகிறார்கள். எதற்காக ஓடினால் என்ன, ஓடட்டும் என்கிறாள் ஹின்தா. அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

வெள்ளிக்கிழமைகளில் லேபல் வருகிறான். கித்தலுக்குத் தெரியாமல், படிக்கட்டு ஜன்னல் பக்கம் வந்து நிற்கிறான். அம்மா என்று கூப்பிடுவதில்லை. விற்று வாங்கிய கணக்கு அவனுக்கும் தெரியும். அவள் ஒன்றும் கேட்காமலே தலையை அண்ணாந்து வாயை அகலத் திறக்கிறான். அந்தத் தெருவில் அவளுக்கு முன்னால் திறக்கும் ஒரே வாய் அது. கன்னத்துக்குள் சுத்தமாக இருக்கிறது. தட்டம்மை ஒரு தடவை வந்த உடம்புக்கு மறுபடி வராது. அந்த வாய்க்குள் அவள் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் மூடும்வரை பார்க்கிறாள். பிறகு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிறாள்.